வைத்தியன் படி ஏறிய மத்தியானம்

ஆட்டத்தில் படி ஏற்றுவதைப் பற்றி என்னிடம் யாராவது வாயைத் திறந்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இன்றைக்கும்தான். சட்டென்று ஏற்றிவிட்டால் ஆடுகிறவனுக்குத் திமிர் ஏறி, கதை செத்துப்போகும். இழுத்தடித்தால் அவன் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவான். நடுவில் பிடித்து நிறுத்துவதற்குள் கதை சொல்கிறவனுக்கு நாக்குத் தள்ளிவிடும்.

மெட்ராஸ் ஹாஸ்டலில் கற்றுக்கொண்ட ஆட்டம் அது. ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் சண்டை போடுவார்கள். வெட்டு விழுந்ததா, தப்பித்தானா என்பதைப் பகடை சொல்லும். எதிரியைக் கொன்றால் படி ஏறலாம். படி ஏற ஏறப் பலம் கூடும். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கள்ளக்குறிச்சிக்கு வந்து ரேடியோ ரிப்பேர் கடை வைத்தபோது, நான் உருப்படியாகக் கொண்டுவந்தது இதை மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் சிநேகிதனின் உரக்கடைக் குடோனில் ஆடுவோம். நான் கதை சொல்வேன். ஆடுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவன் அந்த உரக்கடைக்காரன், நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை. இன்னொருவன் அவர்கள் வீட்டு டிராக்டரை ஓட்டுகிறவன். வடக்கனந்தலுக்கு அந்தப் பக்கம் ஒரு காலனியில் வீடு. பெண்டாட்டி மாசமாக இருந்தாள்.

கதை நடப்பது கல்வராயன் மலையில். ஊர்களைச் சூறையாடும் கொள்ளைக்கூட்டத்தை இவர்கள் துரத்த வேண்டும். உரக்கடைக்காரன் வீரன். மேகம் அருவிப் பக்கம் கண்ணில் பட்டவனையெல்லாம் வெட்டித் தள்ளி ஏழாம் படிக்குப் போய்விட்டான். டிராக்டர்காரன் வைத்தியன். காயத்துக்குக் கட்டுப் போடுவான், யாரையும் கொல்ல மாட்டான். அதனால் முதல் படியிலேயே கிடந்தான்.

"நான் கட்டுப் போடலைன்னா அவரு எப்பவோ செத்திருப்பாருங்க. அவருக்கு ஏழு, எனக்கு ஒண்ணா? இன்னா நாயம்ங்க இது?"

"ஆட்டத்துச் சட்டம் அப்பிடித்தான். கொன்னாத்தான் படி" என்பேன்.

"குடுத்துத் தொலையேன்டா, பாவம்" என்று உரக்கடைக்காரன் சிபாரிசுக்கு வருவான். நான் மசியமாட்டேன். கேட்டவனுக்கெல்லாம் அள்ளிக் கொடுக்க அது என்ன கோயில் சுண்டலா?

ஆட்டத்துக்குள்ளேகூட டிராக்டர்காரன் வாங்க, போங்கதான். "குனிங்க, அம்பு வருது குனிங்க" என்று முதலாளி மகனிடம் கெஞ்சுவான். உரக்கடைக்காரன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. உரக்கடைக்காரனின் சாதிசனம் மறியலில் இறங்கியிருந்தது. கேட்டது நியாயமான பங்குதான், அதில் எனக்கு ரெண்டு பேச்சு இல்லை. ஆனால் ரோட்டில் நடந்தது வேறு. புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் எரிந்தது, போலீஸ்காரன் மண்டை உடைந்தது. எங்களோடு ஏன் வரவில்லை என்று சில இடங்களில் கோபம் காலனிகளின் பக்கம் திரும்பியது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை குடோன் ஷட்டரை இறக்கிவிட்டு மூன்று பேரும் உள்ளே மாட்டிக்கொண்டோம். வெளியே கடை போர்டுகள் நொறுங்கின. எவனோ அடி தாங்காமல் அலறினான். பின்கதவைத் தட்டிய பக்கத்து டீக்கடைக்காரர் டிராக்டர்காரனைப் பார்த்துச் சொன்னார்: "ஒங்க காலனி எரியுதாம்பா. பொகை இங்க வரைக்கும் தெரியுது."

டிராக்டர்காரன் ஷட்டருக்குப் பாய்ந்தான். நாங்கள் இழுத்துப் பிடித்தோம். வெளியே நின்றவர்களுக்கு அவன் யாரென்று தெரியும், வாசலிலேயே அடித்துக் கொன்றிருப்பார்கள். "அவ ஒண்டியா இருக்காங்க, வுடுங்க!" என்று சுவரில் முட்டினான். நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. ரொம்ப நேரம் கழித்துத் தரையில் உட்கார்ந்து, "ஆட்டத்தப் போடுங்க" என்றான்.

வேறென்ன செய்ய? நான் கதையை ஆரம்பித்தேன். கொள்ளையர் பிடித்துவைத்திருக்கும் மலைக் கிராமம்.

"வைத்தியன் அரிவா எடுக்கறான்" என்றான். பகடை அவனுக்கு அன்றைக்கு விழுந்தது பாருங்கள், அப்படி விழுந்தது! "கழுத்து. அடுத்தவன் வவுறு. அடுத்தவன்." கொள்ளையர் தீர்ந்தார்கள். கைகட்டிச் சரணடைந்தவனை வெட்டினான். தண்ணீர் கொடுக்க வந்த கிழவனை வெட்டினான். வீட்டுக்குள் ஒளிந்தவர்களைக் கூரையோடு கொளுத்தினான். "எழுதுங்க. படி எழுதுங்க." சட்டம் என்னுடையதாயிற்றே, எழுதினேன். ஒருவன் அவ்வளவு வேகமாகப் படி ஏறி நான் பார்த்ததேயில்லை.

ஊரில் வெட்ட ஆள் இல்லாமல் போனதும் உரக்கடைக்காரனைப் பார்த்தான்.

"வாடா."

உரக்கடைக்காரன் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை.

"கத்திய எடுடா. எடு!"

உரக்கடைக்காரன் பகடையைத் தொடவில்லை. டிராக்டர்காரன் எழுந்து, சட்டையைப் பிடித்து அவனை யூரியா மூட்டைமேல் சாய்த்தான். கதை அத்தோடு போச்சு. கண், மூக்கு, வாய் என்று குத்தினான். தடுத்த எனக்கும் விழுந்தது. உரக்கடைக்காரன் கையையே தூக்கவில்லை. கடைசியில் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, "வண்டிய எடுக்கறேன். ரெண்டு பேரும் பின்னால குந்துங்க" என்றான்.

கும்பல் கடைத்தெருவின் அந்தக் கோடிக்கு நகர்ந்ததும் பின்பக்கமாக அவன் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். டிராக்டர்காரனை நடுவில் உட்காரவைத்துத் தலையைத் துண்டால் மூடினோம். வழிமறித்தவர்கள் உரக்கடைக்காரனின் முகத்தைப் பார்த்து, தங்கள் ஆள் என்று முதலில் விட்டுவிட்டார்கள். ஊர் நெருங்கும்போது ஒருவன் துண்டை உருவினான்.

"இவன எங்கடா இட்டுக்கினு போற?"

கட்டை உரக்கடைக்காரனின் மண்டையில் இறங்கியது. அடித்தவன் அவன் சித்தப்பா மகன். "என்னையே அடிக்கறியாடா, பாவி!" என்று உரக்கடைக்காரன் கத்திக்கொண்டே வண்டியை ரோட்டோரக் கொல்லையில் இறக்கி முறுக்கினான். கற்கள் எங்கள் முதுகில் விழுந்தன.

காலனியில் கூரை என்று ஒன்றுகூட மிச்சமில்லை. ஆடு ஒன்று கயிற்றோடு வெந்து கிடந்தது. டிராக்டர்காரன் பெண்டாட்டியின் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினான். பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் காய்ந்த சோகை அசைந்தது. அவள்தான். புகைக்கரி அப்பிய முகம், வயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். உயிரோடு இருந்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

உரக்கடைக்காரன் சந்தோஷம் தாங்காமல் ஓரடி முன்னே வைத்தான். "ஒண்ணும் இல்லம்மா, வாம்மா."

அவனைப் பார்த்ததும் அவள் வீறிட்டாள். திரும்பிக் கரும்புக்குள் ஓடினாள். புருஷன் கூப்பிடக் கூப்பிட நிற்கவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "அந்த ஆளப் போவச் சொல்லு. அவரு போனாத்தான் வருவேன்."

டிராக்டர்காரன் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. "கெளம்புங்க" என்றான்.

உரக்கடைக்காரன் வண்டியைத் திருப்பினான், நான் பின்னால் ஏறிக்கொண்டேன். "நான் எதையும் கொளுத்தலியேடா, நான் எதையும் கொளுத்தலியே" என்று குழந்தைபோல அழுதுகொண்டே ஓட்டினான். கட்டையோடு சித்தப்பா மகனும் மற்றவர்களும் ரோட்டில் நிற்பது தெரிந்த பிறகும் அழுகையை நிறுத்தவில்லை.