பின் சீட்டுக்கு அடியில் ஒரு பேட்டரி

பேட்டரி நன்றாக இருக்கிற நாளில் பேட்டரிக் கடைக்காரனை யாரும் நினைப்பதில்லை. அது செத்த நிமிஷத்தில் மட்டும் நாங்கள் பறந்து வர வேண்டும். வண்டி வைத்துக்கொண்டு அவதிப்படும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மந்தைவெளியில் கடை போட்டிருக்கும் என்னை அதிகம் அலையவிட்டது மயிலாப்பூரில் ஒரு பழைய கார்தான்.

சீட்டைத் தூக்கு

முதுகு வளைந்த, நீல நிற வெளிநாட்டுக் கார். எஞ்சின் பின்னால், டிக்கி முன்னால். பேட்டரியைத் தேடி முன்னும் பின்னும் திறந்து பார்த்துவிட்டு அசடு வழிய நின்றேன். பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது என்றார் சொந்தக்காரர் ரமணி மாமா, எழுபதைத் தாண்டியவர். அந்த சீட்டில் அவர் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சீட்டைக் கழற்ற ஐந்து நிமிஷம் போதும் என்றேன். மாமா என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போய்ச் சொன்னார்: "மொதல்ல அவளை எழுப்பி உள்ள கூட்டிண்டு போகணும். வண்டியைப் பிரிக்கறதைப் பார்த்தா தாங்க மாட்டா."

குளத்தைச் சுற்றி

மாமிக்கு ஞாபகம் தவறிக்கொண்டிருந்தது. பகலில் சாதுவாக இருப்பார். விளக்கு வைக்கிற நேரம் வந்தால் மட்டும் இது யார் வீடோ, நம் வீட்டுக்குப் போகலாம் என்று ஆரம்பித்துவிடுவார். எத்தனை சொன்னாலும் கேட்க மாட்டார். மாமாவும் வாதாடுவதில்லை. காரில் ஏற்றி, தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அதே வீட்டு வாசலில் கொண்டு வந்து இறக்குவார். மாமி நிம்மதியாக உள்ளே போய்ச் சாப்பிடுவார்.

பேட்டரி ஏன் அடிக்கடி படுக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாட வீதி நெரிசலில், ஹெட்லைட் போட்டுக்கொண்டு ஊர்ந்து போகிற வண்டி எங்கே சார்ஜ் ஏறும்? நீண்ட தூரம் ஓட்டுங்கள், கொட்டிவாக்கம் வரை ஒரு நடை போய் வாருங்கள் என்றேன். மாமா முடியாது என்று தலையாட்டினார். "அவ போகணும்கற ஆம் அவ்வளவு தூரத்துல இல்லையேப்பா."

அடையாறில் இருந்த சாயங்காலம்

சீட்டைத் தூக்கும் தெம்பு மாமாவுக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் நான்தான் போவேன். ஒரு நாள் அடையாறில் வேறு வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது அவர் போன் வந்தது. முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். அங்கே கார் உறுமவில்லை. மாமி காத்திருந்து பார்த்துவிட்டு இறங்கி நடந்துவிட்டார். குளக்கரையில் பூக்கட்டும் அம்மா ஒருத்தி அடையாளம் கண்டு, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது மாமா குளக்கரையில் மாமியின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் முன்னாடி டிக்கியைத் தொறந்து பார்த்துண்டிருந்தேன். அங்க ஒண்ணுமே இல்லைன்னு தெரிஞ்சும் பார்த்துண்டிருந்தேன்" என்றார்.

வாசல் தெளித்த தண்ணீர்

மறுநாளே வேலையில் இறங்கினேன். சீட்டைக் கடைசி முறையாகக் கழற்றுவதாக நினைத்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து இரண்டு வயர் இழுத்து, நடுவில் ஒரு ஃபியூஸ் போட்டு, சீட்டு ஸ்பிரிங் உரசாமல் பேட்டரிக்கு ரப்பர் மூடியும் வைத்தேன். வயரின் நுனியில் ஒரு சாக்கெட். காலையில் வண்டி காலியாக நிற்கும்போது, பேட்டரி வாயு வெளியேறக் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, சார்ஜரைச் செருகினால் போதும். காரின் அழகு கெடக்கூடாது என்று சாக்கெட்டை முன் பம்பருக்குக் கீழே ஒளித்து வைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரே வாரம். சார்ஜ் ஏறவில்லை என்று போன். ஓடிப்போய் வேறு பேட்டரியோடு கோத்து வண்டியைக் கிளப்பி, அன்றைய சுற்றைக் காப்பாற்றினேன். பிறகு குனிந்து பார்த்தால் சாக்கெட் முழுக்கப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. கார் மூக்கை வாசல் கேட் பக்கம் நீட்டி நிற்கும். தினமும் விடிகாலையில் கோலத்துக்கு வாசல் தெளிக்கிற தண்ணீர் நேராக அங்கேதான் அடிக்கும். வீட்டு வேலை பார்க்கும் செல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "தண்ணி தெளிக்கிறது நானு. இங்க வெக்கலாமான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டியாண்ணா?"

ஒரு சுற்று நானும்

அழகு போனால் போகட்டும் என்று சாக்கெட்டை டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், கதவைத் திறந்தால் மாமா கைக்கு எட்டும்படி மாற்றினேன். சில வாரம் கழித்து, போன் எதுவும் வராததால் பயந்துபோய் நானே ஒரு சாயங்காலம் எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மாமா என்னையும் ஏறச் சொன்னார். குளம் ஒரு சுற்று. பூக்கட்டும் அம்மா கையாட்டினாள். மாமி பதிலுக்குச் சிரித்தார், யாரென்று தெரிந்ததோ என்னவோ.

வீட்டு வாசலில் இறங்கியதும் மாமி உள்ளே போகாமல் நின்று, என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தது அவருக்குக் கவலையாகிவிட்டது. "நாங்க ஆத்துக்கு வந்தாச்சு. நீயும் உங்காத்துக்குப் போப்பா, தேடுவா."

போன் வந்தால்தான் எங்களுக்குப் பிழைப்பு; ஆனால் இந்த ஒரு வீட்டிலிருந்து மட்டும் விளக்கு வைக்கிற நேரத்தில் போன் வராவிட்டால், அன்றைக்கு வியாபாரம் நன்றாக நடந்ததாகவே நான் கடையைச் சாத்துகிறேன்.