ஹொக்கைடோவில் மீன் இல்லாத சூப்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு டைனிங் டேபிள் முழுக்க ஜப்பான் விரிந்து கிடந்தது. முழு ஜப்பான் இல்லை. வடக்குக் கோடியில் இருக்கிற ஹொக்கைடோ தீவு மட்டும்தான். மேப் சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு மூலையில் ஊறுகாய் பாட்டில், இன்னொரு மூலையில் என் கணவர் ஸ்ரீதரின் காமிரா.

ஆகஸ்டில் கலிபோர்னியாவிலிருந்து இந்தியா போகிறோம். போகிற வழியில் ஜப்பானில் இறங்கி ஒரு வாரம் சுற்றிவிட்டுப் போகவேண்டும் என்று ஸ்ரீதருக்கு ஆசை. டோக்கியோ வேண்டாமாம்.

"கட்டடம் பாக்கணும்னா சான் ஃபிரான்சிஸ்கோ போதாதா? மலை, ஏரி, வெந்நீர் ஊத்து... அந்த மாதிரி எடமாப் போலாம். சாப்பாடும் அங்க ரொம்ப ஃபேமஸாம்."

இதைச் சொன்னவர் யார்? முட்டை போட்டிருக்குமோ என்று பயந்து, ஆபீஸ் பர்த்டே கேக்கைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கிற மனிதர்!

நம் ஆட்கள் டிரிப் போகிற அழகு உங்களுக்குத் தெரியாததா? கிராண்ட் கேன்யன் விளிம்பில் போய் நின்றதும் நாம் முதலில் திறப்பது காமிராவையா, புளியோதரை டப்பாவையா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். விஷயம் தெரிந்ததும் ஃப்ரீமான்ட்டிலிருந்து சந்திரா ஆன்ட்டி போன் பண்ணிவிட்டார். இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் யார் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் மூட்டை கட்டுவதற்கு யோசனை சொல்பவர் அவர்தான்.

"ஏம்மா, ரைஸ் குக்கரை மறக்காம எடுத்துக்கோ. ஜப்பான்லயும் இதே பிளக்தான், நான் விசாரிச்சுட்டேன். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் போதும். ஒரு வாரம் ஓடிடும்."

"ஆன்ட்டி, சாப்பாட்டுக்காகவும்தான் அந்த ஊருக்குப் போறோம்..."

"அதுக்கென்ன? மலையைப் பாரு, ஏரியைப் பாரு, ரூமுக்கு வந்து நம்ம சாதத்தை சாப்பிடு. இதுல என்ன கொழப்பம்?"

அவருக்குக் குழப்பமே இல்லை. எனக்குத்தான் இருந்தது. அதற்குக் காரணம் ஹிரோகோ.

மில்பிடாஸில் என் ஆபீஸில், எனக்கு அடுத்த கியூபிக்கிளில் உட்கார்ந்திருக்கிறவள் ஹிரோகோ. அவள் ஊரே ஹொக்கைடோதான். ஃபுரானோ பக்கத்தில், உருளைக்கிழங்கும் சோளமும் விளைகிற மேட்டு நிலம். அப்பா விவசாயம் பார்க்கிறார். அம்மா வீட்டிலேயே ஒரு பகுதியில் விருந்தாளிகளைத் தங்கவைத்துச் சமைத்துப் போடுகிறார். அந்த ஊரில் கண்ணுக்குத் தெரியாமல் மீன் எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். சூப்பில் ஒரு துண்டு மீன் மிதக்காதாம். ஆனால் அந்தத் தண்ணீரே காய்ந்த மீனைச் சீவிப் போட்டுக் கொதிக்க வைத்ததாக இருக்குமாம். அன்று ராத்திரி நான் இதைச் சொன்னதும் ஸ்ரீதர், சாதம் பிசைந்த கையோடு எங்கள் வீட்டு ரசத்தையே குனிந்து பார்த்தார்.

ஏப்ரலில் ஒரு நாள் லஞ்ச் ரூமில் ஹிரோகோ என் எதிரே வந்து உட்கார்ந்தாள். எங்கள் பேச்செல்லாம் இங்கிலீஷில். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

"ஃபுரானோவுக்கு வந்தா நீங்க எங்க வீட்டுலதான் தங்கணும். மீன் இல்லாம அம்மா சமைச்சுத் தருவாங்க. நானும் அப்போ லீவ் போட்டுட்டு வரேன்."

நான் என்ன சொன்னேன்? நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்களோ அதையேதான் சொன்னேன். "ஐயோ, எதுக்கு உங்களுக்கு வீண் சிரமம்? நாங்க எப்படியாவது சமாளிச்சுப்போம்."

"ஓகே" என்றாள். எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நம் வீடுகளில் காப்பி வேண்டுமா என்று கேட்டால்கூட முதலில் "வேண்டாங்க, இப்பதான் குடிச்சோம்" என்றுதானே சொல்வோம்? கேட்டவர் "அதெல்லாம் இல்ல, கொஞ்சம்" என்பார். "சரி, பாதி கப்" என்போம். முழு கப் வரும், குடிப்போம். முதல் வேண்டாம் என்பது மரியாதைக்கு. இரண்டாவது தடவை கேட்பது அன்புக்கு. நான் என் பங்கு மரியாதையைச் சரியாகத்தான் செய்திருந்தேன். அவள் கேட்கிற முறை பாக்கி இருந்தது.

மறுநாள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அடுத்த வாரமும் கேட்கவில்லை. பிரின்டர் பக்கத்தில் எதிரெதிரே நிற்கும்போது அவள் ஏதோ சொல்ல வருகிற மாதிரி இருக்கும்... "குட் மார்னிங்" என்பாள், போய்விடுவாள்.

"ஒப்புக்குத்தான் கேட்டிருக்கா" என்று வீட்டில் புலம்பினேன்.

"நல்லதாப் போச்சு போ" என்றார் ஸ்ரீதர். "அவங்கம்மா பாசமா சூப் குடுப்பாங்க. நான் உள்ள என்ன இருக்குன்னு கேக்கணும். தேவையா?" அவர் அந்தத் தீவின் பெரிய நகரமான சப்போரோவில் ஹோட்டல் ரூமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

ஆனாலும் மேப்பைப் படிக்க ஆள் வேண்டுமே? ஊர்ப் பெயரெல்லாம் ஜப்பானிய எழுத்தில் இருந்தது. அதற்காகத்தான் போன ஞாயிறு ஹிரோகோவை வீட்டுக்குக் கூப்பிட்டேன். வந்தாள். ஸ்ரீதருக்கு ஏரிகளைக் காட்டினாள். ஆகஸ்டிலும் உச்சியில் பனி மிச்சமிருக்கிற மலையைக் காட்டினாள். எந்த ரோட்டில் நரி வரும் என்று எங்கள் ஒன்பது வயது நித்யாவுக்குக் காட்டினாள். தோட்டத்தில் சோளத்தைப் பறித்த கையோடு வேகவைத்தால் சர்க்கரையாக இனிக்கும் என்றாள். "உருளைக்கிழங்குக்கு வெண்ணெய் மட்டும் போதும், உங்களுக்கு எங்க ஊர்ல பட்டினி இல்ல" என்று சிரித்தாள். நான் கொடுத்த சேமியா பாயசத்தை ரசித்துச் சாப்பிட்டாள். ஃபுரானோ வந்ததும் மட்டும் அவள் விரல் வேகமாகத் தாண்டிப் போய்விட்டது.

நானும் ஸ்ரீதரும் கவனிக்காத மாதிரி இருந்தோம். பெரியவர்கள் அல்லவா!

நித்யா கேட்டுவிட்டாள். "ஹிரோகோ ஆன்ட்டி, வொய் ஆர்ன்ட் வீ ஸ்டேயிங் அட் யுவர் ஹவுஸ்?"

ஹிரோகோ என்னைப் பார்த்தாள். "நான் கூப்பிட்டேன். உங்கம்மா வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"ஓ, தட்!" என்று நித்யா கையை வீசினாள். "ஷீ ஆல்வேஸ் ஸேஸ் நோ ஃபர்ஸ்ட். யூ ஹேவ் டு ஆஸ்க் அகெய்ன்."

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஹிரோகோ சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் நின்று, கண் நிறைந்துவிட்டது.

"எங்க ஊர்லயும் அப்படித்தான்" என்றாள். "மூணு தடவையாவது கேளுன்னு அம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. நான்தான், அமெரிக்காவில நோன்னா நோ, மறுபடி கேட்டா தொந்தரவுன்னு நினைப்பாங்கன்னு சொன்னேன்."

பாருங்கள் கூத்தை. மறுக்க மறுக்க உபசரிக்கிற இரண்டு ஊர்க்காரர்கள் மில்பிடாஸில் சந்தித்துக்கொள்கிறோம். அவள் அமெரிக்கா கற்றுக்கொடுத்ததை நம்பினாள். நான் ஊர்ப் பழக்கத்தை நம்பினேன்.

"அதுக்கு எதுக்கு அழறே?" என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள்.

ஊரில் அப்பா பார்த்து வைத்திருந்த பையனை வேண்டாமென்று சொல்லிவிட்டு, இங்கே கூடப் படித்த அமெரிக்கனைக் கல்யாணம் செய்துகொண்டவள் அவள். அப்பா திட்டவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திவிட்டார். இவள் போன் பண்ணும்போது அவர் எடுத்துவிட்டால், குரலைக் கேட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் அம்மாவிடம் ரிசீவரைக் கொடுத்துவிடுவாராம். கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஊருக்கே போகவில்லை.

"அழைக்காத வீட்டுக்கு எப்படிப் போறது?" என்றாள்.

அதற்கு அம்மா கண்டுபிடித்த வழிதான் நாங்கள். வீட்டுக்கு வருகிற விருந்தாளியை அப்பா ஒருநாளும் திருப்பி அனுப்பமாட்டார். அதிலும் ஜப்பானிய மொழி தெரியாத விருந்தாளிகள். மீன் சாப்பிடாதவர்கள் வேறு. மகள் கூட வந்து எடுத்துச் சொல்லாவிட்டால் எப்படி நடக்கும்? அம்மா அப்பாவிடம் இதைச் சொல்லியிருக்கிறார். அவர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அந்தத் தைரியத்தில் அம்மா கடற்பாசியையும் காய்ந்த காளானையும் மட்டும் போட்டு, மீன் இல்லாத சூப் வைத்துப் பழக ஆரம்பித்துவிட்டார். தினமும் அப்பாதான் குடித்துப் பார்த்தவர். நான் லஞ்ச் ரூமில் மரியாதையாக வேண்டாம் என்று சொன்ன பிறகு, அம்மா பழைய சூப்புக்கே திரும்பிவிட்டாராம்.

ஸ்ரீதர் மேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அவருடைய அக்கா இஷ்டப்பட்டவரைக் கல்யாணம் செய்துகொண்டு போனவர். ரொம்ப நாள் வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை. ஒரு நாள் என் மாமியார், "புதுசா கிரைண்டர் வாங்கியிருக்கு, எனக்கு ஓட்டத் தெரியல, வந்து காட்டிட்டுப் போ" என்று சொல்லியனுப்பினார். அக்கா வந்து, மாவரைத்துக் காட்டி, சாப்பிட்டு, அழுது, தங்கிவிட்டுப் போனார். கோபித்துக்கொண்ட வீட்டில் யாரும் பாசத்தைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கிரைண்டரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். போகிறவர்களுக்கும் அந்தச் சாக்கு தேவைப்படுகிறது. சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்ல எத்தனை பேருக்குத் தெம்பு இருக்கிறது?

ஹிரோகோ கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "ரெண்டாவது தடவை கேக்கறேன். எங்க வீட்டுக்கு வருவீங்களா?" என்றாள்.

பழக்கதோஷம் இருக்கிறதே... "இல்ல, உங்கம்மாவுக்கு எதுக்கு..." என்று என் வாய் பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டது.

"வர்றோம்" என்றார் ஸ்ரீதர். மீன் தண்ணீருக்குப் பயந்தவர்! "ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, வாரம் பூரா அங்கேயே இருக்கோம். இப்பவே போன் பண்ணிச் சொல்லிடுங்க." இந்தியாவுக்குப் பேச வைத்திருந்த காலிங் கார்டை எடுத்து நீட்டினார்.

அங்கே திங்கட்கிழமை காலை. அப்பா வயலுக்குப் போயிருப்பார், அம்மாதான் எடுப்பார் என்று சொல்லிக்கொண்டே ஹிரோகோ நம்பரைப் போட்டாள். மணி அடித்தது. எடுத்தார்கள். அவள் முகம் மாறிய வேகத்தில் எங்களுக்குப் புரிந்துவிட்டது. அங்கே மழையாம், அப்பா வயலுக்குப் போகவில்லை.

அவள் பேசினாள். மெதுவாக, மூச்சு விடாமல், ஏதோ ஒப்பிக்கிற குழந்தை மாதிரி பேசினாள். பிறகு நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். இந்நேரம் ரிசீவர் கைமாறியிருக்க வேண்டும். மாறவில்லை போலிருக்கிறது, அவள் அசையவே இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆண் குரல் ஏதோ சொன்னது. இரண்டே வாக்கியம் இருக்கும். அதன் பிறகுதான் அம்மா குரல், அழுகையும் சிரிப்புமாக.

போனை வைத்துவிட்டு ஹிரோகோ எங்களைப் பார்த்தாள். "'அவங்க நெஜமாவே மீன் சாப்பிட மாட்டாங்களா?'ன்னு கேட்டார். ஆமாம்னேன். 'அப்ப இந்த வருஷம் சோளம் இன்னும் ரெண்டு வரிசை கூடப் போடணும்'னார்."

"அவ்வளவுதானா?" என்றார் ஸ்ரீதர். "உங்களை வரச்சொல்லி ஒண்ணும் சொல்லலையா?"

நான்தான் சொன்னேன். "சொல்லிட்டாருங்க."

எந்த ஊர் அப்பாவும் "வாம்மா" என்று நேராகச் சொல்லி நான் கேட்டதில்லை... சோளம்தான் போடுவார்கள்.