போன பணம் திரும்ப வருகிறது என்று ஒரு மெயில்

அக்கா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தான் இறந்த பிறகு பாளையங்கோட்டை வீட்டில் தனியாக இருக்கிறாள். நான் டவுணில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப் அடிக்கிறேன். ஒருநாள் மதியம் அங்கே போன் செய்தாள்.

"ஏட்டி, பேங்க்ல இருந்து மெசேஜ் மேல மெசேஜா வருது. பணம் எடுத்தாச்சு, எடுத்தாச்சுன்னு போட்டிருக்கு. நான் ஒண்ணும் எடுக்கலயே."

அன்று காலை அவளுக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. விவரங்களைச் சரிபார்க்காவிட்டால் மாலைக்குள் கணக்கு முடக்கப்படும் என்று, பேங்கின் முத்திரையோடு. அதிலிருந்த லிங்க்கைத் தொட்டதும் பேங்கின் பக்கம் போலவே ஒன்று திறந்திருக்கிறது. பாஸ்வேர்டைக் கொடுத்தாள். போனுக்கு வந்த ஓடிபியையும் கொடுத்தாள். மூட்டு ஆபரேஷனுக்கென்று சேர்த்திருந்த பணம் அந்தக் கணக்கில்தான் இருந்தது.

உடனே பஸ் ஏறினேன். ஆற்றுப் பாலத்தில் ஒரு லாரி பழுதாகி நிற்க, பஸ்ஸும் நின்றுவிட்டது. மோசடிப் புகார் எண்ணுக்குப் போன் போட்டேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. பிறகு வெறும் இசை. கடைசியில் ஒருவர் பேசி, அக்காவின் கணக்கு எண்ணைக் கேட்டார். அது என்னிடம் இல்லை. அக்காவைக் கூப்பிட்டால் லைன் பிஸி. அவள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கீழே ஆற்றில் யாரோ சாவகாசமாகத் துணி அலசிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் பேங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது கணக்கில் ஒன்றும் இல்லை. மேனேஜர் மெயிலை வாங்கிப் பார்த்தார்.

"அனுப்புன முகவரியப் பாருங்கம்மா. பேங்க் பேருல ஒரு எழுத்து கூடுதலா இருக்கு. பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் நாங்க எப்பவுமே கேக்க மாட்டோம்."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "ஆமா, இருக்கு" என்றாள், மெதுவாக.

போலீசில் புகார் கொடுத்தோம். தகவல் வரும் என்றார்கள். வரவில்லை. சில மாதம் கழித்து அக்காவே கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பணம் கெடச்சிட்டுதாம்டி. மெயில் வந்திருக்கு."

சாயந்திரம் போய் அவள் போனை வாங்கிப் பார்த்தேன். மோசடியில் இழந்த தொகை மீட்கப்பட்டுவிட்டது, நடைமுறைக் கட்டணம் கட்டினால் அனுப்பிவைப்போம் என்று இருந்தது.

"யக்கா, இதுவும் அவனுவ வேலதான். உன் பேரு எங்கயாவது இருக்கா? அன்புள்ள வாடிக்கையாளரேன்னு பொதுவாப் போட்டிருக்கான். இன்னைக்குள்ள கட்டணும்னு அவசரப்படுத்துதான். நம்ம பணத்தத் தர நம்மகிட்டயே எதுக்குப் பணம் கேக்கணும்?"

"எழுத்துப் பிழை ஒண்ணுகூட இல்லட்டி. நான் ரெண்டு தடவ வாசிச்சேன். முகவரியும் பாத்தேன்."

"பிழையில்லாம எழுத அவனுக்குத் தெரியாதா?"

அவள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நீ சொல்லுதது எல்லாம் சரிதான். ஆனா உன் பணம் போகல. என் பணம்லா போச்சு."

கட்டாதே என்று மட்டும் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். காலையிலேயே கட்டியிருந்தாள். என்னைக் கூப்பிட்டது யோசனை கேட்க அல்ல, நல்ல செய்தி சொல்ல.

மறுநாள் மறுபடியும் அதே ஸ்டேஷன். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் நிமிர்ந்து, "ஒரு தடவ பட்டும் ஏம்மா?" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். "எழுதிக்கிடுங்க சார்" என்றேன்.

இரண்டு பணமும் இதுவரை வரவில்லை. இப்போது எந்த மெயில் வந்தாலும் அவள் தொடுவதில்லை. எனக்குப் போன் போட்டு, திறக்காமலே மேலே தெரிகிற வரிகளை வாசிக்கிறாள். போன வாரம் பேங்க் பேரில் ஒன்று வந்தது. முகவரி சரியாக இருந்தது, அவள் பேரும் இருந்தது, தெரிந்த வரிகளில் எதையும் தொடச் சொல்லவில்லை.

"இது நெசமா, பொய்யாட்டி?"

எனக்கும் தெரியவில்லை. "தொறக்காத. ஆட்டோ பிடிச்சு பேங்குக்கே போயி நேருல கேளு" என்றேன்.

"இந்த வெயில்லயா?" என்று கேட்டாள். பிறகு போனாள்.