மாப்பிள்ளை சுட்ட சீனப் பலகாரம்

பினாங்கில் தனியாக இருந்துவிட்டு, யுத்தத்துக்குப் பயந்து திரும்பியிருக்கும் என் தங்கை வீட்டுக்காரர், இன்று சேந்தமங்கலம் சந்தையில் இறால் கருவாடு வாங்கிவந்து, கான்டன் சீனர்களின் பலகாரம் என்று ஒன்று சுட்டார்.

மாவுக்குள் மூடி வைத்த எதன்மேலும் எனக்குச் சந்தேகம்தான்.

"உள்ள இறால் மட்டுந்தானுங்களா மாப்பிள்ளை?"

"நம்பித் தின்னுங்க மச்சான்."

தின்றேன். மொறுமொறுவென்று, குறை சொல்ல வழியில்லை.

தங்கை தின்னவில்லை. ஒன்றைக் கையில் எடுத்து, அதன் ஓரத்தில் சடைபோல ஓடிய மடிப்பையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கலியாணமான நாள்ல இருந்து சோறுகூட வடிச்சதில்லீங்க நீங்க. இந்த மடிப்பை யாருங்க சொல்லிக் குடுத்தது?"

மாப்பிள்ளை குனிந்து அடுப்பில் விறகைத் தள்ளினார். அடுப்பு ஏற்கெனவே நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

எனக்கோ இன்னும் இரண்டு தின்ன ஆசை. இந்த நேரத்தில் கேட்கலாமா, நீங்களே சொல்லுங்கள்.