புளிக்கறியில் கரைந்த காதுக்கற்கள்

எழுபதுகளின் நடுவில் மெல்பேணில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, கடல்நாயின் எச்சம் கழுவுவது. கணவர் பொறியியலாளர். அவருடைய வேலைக்காகத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மல்கிரேவில் வாடகைக்கு இருந்தோம். என்னிடம் ஒரு விலங்கியல் பட்டமும், இரவல் வாங்கிய ஒரு குளிர்கோட்டும் இருந்தன. இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் மாறி மீன்வள ஆய்வுகூடத்துக்குப் போய், மூக்கைப் பிய்க்கும் வாளிகளைச் சல்லடையில் கொட்டித் தண்ணீர் அடிப்பேன்.

“இதுக்கோ கம்பஸ் போய்ப் படிச்சனீர்?” என்று கணவர் முதல் கிழமை முழுக்கச் சிரித்தார். இரண்டாம் கிழமை நான் சமைக்கக் குசினிப் பக்கம் போகவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

எல்லாம் கழுவியபின் சல்லடையில் மிஞ்சுவது கணவாயின் கறுத்த அலகும் மீனின் காதுக்கல்லும்தான். மீனின் மண்டைக்குள் இப்படி வெள்ளைக் கற்கள் இருக்கின்றன. பெரியவை இரண்டு, அரிசிமணி அளவிருக்கும். ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு வடிவம். மீன் வளர வளரக் கல்லும் வளரும். அதனால் கல்லை அளந்து அட்டவணையோடு ஒப்பிட்டால், கடல்நாய் தின்றது என்ன மீன், எவ்வளவு நீளம் என்று சொல்லிவிடலாம். அந்த அட்டவணையை உண்டாக்கியவர் என் மேலதிகாரி; ஆய்வுப் பட்டம் பெற்றவர் என்பதால் எல்லோரும் டொக்டர் என்போம். ஐம்பது வயதுப் பெண், குறைந்த பேச்சு, பத்து வருடமாகக் கடல்நாய்களின் பின்னால் திரிகிறவர்.

ஒருநாள் எச்சம் சேகரிக்க என்னையும் படகில் பாறைத்தீவுக்குக் கூட்டிப்போனார். பாறை முழுக்கக் கடல்நாய்கள், கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு சரிந்துகிடக்கும் மாமன்மாரைப்போல. இவ்வளவுதானா என்று நினைத்தேன். அப்போது ஒன்று சறுக்கித் தண்ணீருக்குள் விழுந்தது. அவ்வளவுதான், அது வேறு பிராணியாகிவிட்டது. படகுக்கு அடியால் போய், மல்லாந்து, என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, நேரே கீழே இறங்கியது.

நாங்கள் கழுவியெடுத்த கற்களில் பல பிளாட்ஹெட் மீனுடையவை. தட்டைத் தலையோடு கடலடி மணலில் புதைந்து கிடக்கும் மீன் அது. அப்படியென்றால் கடல்நாய் ஒரே மூச்சில் அடித்தரைக்குப் போகிறது. வெளிச்சம் குறைந்த அந்த ஆழத்தில் மணலோடு மணலாகக் கிடக்கும் மீனைத் தேடிப் பிடித்துக்கொண்டு மேலே வருகிறது. தாய் பல நாள் இப்படி இரை தேடித் திரிந்துவிட்டுத் திரும்பி, அத்தனை குட்டிகளுக்குள்ளும் தன் குட்டியைக் குரலாலும் மணத்தாலும் கண்டுபிடிக்கிறது. நான் அதிசயித்துப்போனேன். அன்றிலிருந்து வாளி நாறவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் முகம் சுளிப்பதை விட்டுவிட்டேன்.

அந்தக் கடல்நாய்களைச் சுட அனுமதி கேட்டு, பக்கத்துத் துறைமுகத்து மீனவர்கள் ஒரு மனு எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் மீனைத் தின்கின்றன, வலையைக் கிழிக்கின்றன என்பது அவர்கள் வழக்கு. மனுவைக் கையில் வைத்திருந்தவர் ஒரு படகுக்காரர். ஒரு கையில் ஒரு விரல் பாதி இல்லாத, உயரமான மனிதர். வேடிக்கை என்னவென்றால், அட்டவணைக்கு வேண்டிய மீன்தலைகளை, நீளத்தை அளந்து எழுதி எங்களுக்குத் தந்ததும் அவர்தான். “என்ன வேண்டுமானாலும் அளந்து பாருங்கள். அவை எதைத் தின்கின்றன என்று எனக்குத் தெரியும்” என்பார். எங்கள் அறிக்கை வரும்வரை மனுவை அனுப்புவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

கணக்கு எங்களுக்குச் சாதகமாகவே வந்தது. எச்சத்தில் கிடைத்த பிளாட்ஹெட் கற்கள் எல்லாம் சிறியவை. சாண் நீள மீன்கள், படகுக்காரரின் வலைக்கண்ணுக்குள்ளால் நழுவிப் போகிறவை. வலை தப்பவிடுவதைத்தான் கடல்நாய் தின்கிறது என்று மேலதிகாரி அறிக்கையை எழுதத் தொடங்கினார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளிக்கிழமை படகுக்காரர் ஆறு பிளாட்ஹெட் தலைகளை அனுப்பினார். ஆறும் ஒரே நீளமான, முழங்கை அளவு மீன்களுடையவை. மேலதிகாரி சிட்னிக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். ஆய்வுகூட முறைப்படி தலைகளை வெறும் தண்ணீரில் அவித்து, கல்லை எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கொட்டவேண்டும். ஆறு புது மீன்தலையைப் பச்சைத்தண்ணீரில் அவித்துக் கொட்டுவதா? யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்குக் கை வரும்? ஐஸ் போட்டுச் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

தலைகளை நடுவால் பிளந்து, ஊரிலிருந்து பார்சலில் வந்த பழப்புளியை நன்றாகக் கரைத்து ஊற்றி, கறித்தூளும் போட்டுக் கறி வைத்தேன். மீன்கறி மறுநாள்தானே ருசி! சனியும் ஞாயிறும் சாப்பிட்டோம்.

“கல்லைக் கடிச்சுப்போடாதேங்கோ. அரசாங்கத்தின்ர கல்லு” என்றேன்.

“ஓம், ஓம். மீன் எங்கட, கல்லு அவையின்ர” என்றார் கணவர்.

தட்டோரத்திலும் சட்டியடியிலும் பொறுக்கியதில் ஒன்பது கற்கள் தேறின.

திங்கட்கிழமை அளந்தேன். முழங்கை நீள மீனின் கல்லை அட்டவணை சாண் மீனின் கல் என்றது. ஒன்பதும் அப்படித்தான். விளிம்புகள் மழுங்கி, மேற்பரப்பு சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. புளி தின்றுவிட்டது. பட்டம் படித்தவளுக்கு இது முன்னமே தெரிந்திருக்கவேண்டும். ஆறு தலையைப் பாழாக்கிவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தபோதுதான் அடுத்த எண்ணம் வந்தது.

இரண்டு நாள் புளியில் கிடந்ததற்கே இந்தக் கதி என்றால், கடல்நாயின் வயிற்று அமிலத்தில் கிடந்து வந்த கற்களின் கதி என்ன? நாங்கள் சாண் மீன் என்று எழுதியவை எல்லாம் முழங்கை மீன்களாக இருக்கலாம். படகுக்காரர் சந்தைக்குக் கொண்டுபோகிற அதே மீன்கள். இதைச் சொன்னால் கடல்நாய்களைச் சுட அந்தப் பாறைக்குத் துவக்கு போகும். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஒன்பது கல். கிண்ணத்தைத் தொட்டிக்குள் கவிழ்த்துத் தண்ணீரைத் திறந்தால் முடிந்தது. கிண்ணத்தைச் சரித்துப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அன்றும் நின்றேன், அடுத்த நாளும் நின்றேன்.

புதன்கிழமை மேலதிகாரி வந்தார். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெளிவாகத் தெரியாது. அவருடைய முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன், புளி உட்பட எல்லாவற்றையும். அவர் திட்டவில்லை. நல்ல கற்கள் சிலவற்றை எடுத்து, மெல்லிய அமிலத்தில் போட்டு, மணிக்கொரு தரம் அளந்தார். பின்னேரத்துக்குள் அவை தேய்ந்துவிட்டன. எழுதிய அறிக்கையை மூடி வைத்தார்.

“அவர்கள் பிடிக்கிற அளவு மீனையும் கடல்நாய்கள் தின்கின்றன என்று மீனவர்களிடம் சொல்லத்தான் வேண்டும்” என்றார்.

“சுட்டுவிடுவார்களே, டொக்டர்?”

“சுடலாம்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவரைப்போல ஒரு மனுசியை நான் அதற்குமுன் கண்டதில்லை.

துறைமுகத்து மண்டபத்தில் மீனவர்கள் கூடியிருந்தார்கள். அவர் எழுந்து, “நாங்கள் பிழையாக நினைத்திருந்தோம்” என்றுதான் தொடங்கினார். கல் தேய்வதை முதலில் கண்டவள் நான் என்று காட்டி, அது தேய்ந்த விதத்தைச் சொன்னார். கடல்நாய் உங்கள் மீனைத் தின்கிறது என்றார். பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள். அதன்பிறகு மற்றதைச் சொன்னார்: கணவாயின் அலகு அமிலத்தில் அவ்வளவாகத் தேயாது, கற்கள் தேய்ந்தாலும் எண்ண முடிகிறது, வாளிகளில் மிகக் கூடுதலாக இருந்ததும் அலகுதான். அப்படியென்றால் கடல்நாய் பெரும்பாலும் தின்பது கணவாயை; அதை அந்தத் துறைமுகத்தில் யாரும் பிடிப்பதில்லை. மண்டபம் முணுமுணுத்தது.

படகுக்காரர் எழும்பி, என்னைப் பார்த்து, கல் தேய்வதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். நடுங்கும் ஆங்கிலத்தில் மீன்தலைக் கறியின் கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“அவை என் மீனைத் தொடுவதில்லை என்று நீங்கள் வந்து சொல்லியிருந்தால், இதை இன்றைக்கே தபாலில் போட்டிருப்பேன்” என்று மனுவைத் தூக்கிக் காட்டினார். “அவற்றின் வாயில் என் மீனைக் கண்ணால் கண்டவன் நான். நீங்களாகவே அதை ஒப்புக்கொண்டபடியால், கணவாயையும் நம்புகிறேன்.” தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். “இந்த வருடம் அனுப்பவில்லை. இன்னும் கழுவிப் பாருங்கள்.”

மண்டபத்தில் எனக்குத் தேநீர் கொடுத்தார்கள். நேர்மையான பெண் என்று ஒருவர் கைகுலுக்கினார். கடல்நாய்களைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து அந்தக் கிண்ணத்தை நான் கவிழ்த்திருந்தால், அந்த மனு அன்றே தபாலுக்குப் போயிருக்கும். தொட்டியோரம் நின்ற அந்த இரண்டு நாளைப் பற்றி மேலதிகாரியிடம் நான் சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.