கோழிக்குப் பக்கத்தில் நிற்கிற டாங்கி

அந்த ஜாய்ஸ்டிக்கின் வயரில் மூன்று இடங்களில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும். அப்பா சுற்றியது. வீடியோ கேமில் இரண்டாவது ஆளுக்கான ஜாய்ஸ்டிக் அது, என் அண்ணனுடையது. முதல் ஆளுக்கானதை நான் அழுது அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன், அவன் என்னைவிட நான்கு வயது மூத்தவன் என்பதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. இப்போது அந்த டேப் சுற்றிய ஜாய்ஸ்டிக் கட்டிலில், அவனுடைய வலது உள்ளங்கைக்குக் கீழே இருக்கிறது. நான்தான் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, குண்டு சுடுகிற பொத்தானின் மேல் கட்டைவிரலைப் பொருத்தி வைத்தேன். வைத்த இடத்திலேயே இருக்கிறது.

டவுன்ஷிப்பில் பதினோராவது பிளாக்கில் எங்கள் குவார்ட்டர்ஸ். அப்பா நிலக்கரி மைன்ஸில் பெர்மனன்ட் தொழிலாளி. நைட் ஷிப்ட் வாரங்களில் காலையில் வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால், மூன்று மணி வரை வீட்டில் ஸ்பூன் கீழே விழக்கூடாது. ஷிப்ட்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல, அந்த வரிசையில் எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் பகலில் தூங்கிக்கொண்டிருப்பார். கோடை விடுமுறையில் நாங்கள் டிவியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுத்தான் விளையாடுவோம். "உங்கப்பா தூங்கிக்கினு இருக்காரு. சத்தம் கேட்டுச்சி, பொட்டிய எடுத்து பரண் மேல வச்சிடுவேன்" என்று அம்மா சமையலறையிலிருந்து, அதையும் கிசுகிசுப்பாகவே சொல்வாள். அதனால் அந்தக் கேமுக்கு இசை உண்டு, குண்டு வெடித்தால் சத்தம் வரும் என்பதே எங்களுக்கு வெகுநாள் தெரியாது.

கேசட்டில் எத்தனையோ கேம்கள் இருந்தாலும் நாங்கள் சேர்ந்து ஆடியது டாங்கி கேம் ஒன்றுதான். மேலேயிருந்து எதிரி டாங்கிகள் வரும். கீழே செங்கல் சுவருக்குள் ஒரு பறவை இருக்கும். அது பருந்தாம். எங்கள் வீட்டில் அது கோழிதான். கோழி செத்தால் ஆட்டம் முடிந்தது. எனக்கு ஓடுகிற கேம், துரத்துகிற கேம், நிமிடத்துக்கு நாலு பேரைச் சாய்க்கிற கேம் பிடிக்கும். ஆட்டம் தொடங்கியதும் என் டாங்கி மேலே பாய்ந்துவிடும். அண்ணனின் டாங்கி தொடங்குகிற இடமே கோழிக்கு வலப்பக்கம். அங்கேயே நிற்பான். "நீ போ பாப்பா, கோழிய நான் பாத்துக்கறேன்" என்பான், சத்தமில்லாமல், உதட்டசைவில். என்னைத் தாண்டி எவனாவது இறங்கி வந்தால் மட்டும் ஒரே குண்டு. பக்கத்து வீட்டுப் பையன்கள் அவனைக் 'கோழிக்காரன்' என்று கேலி செய்தார்கள். அவன் சிரித்துக்கொண்டான். கார் ரேஸ் பிடிக்காது, குத்துச்சண்டை பிடிக்காது, எதையும் துரத்திப் போகிற கேம் அவனுக்குப் பிடிக்காது. அப்படி ஒருத்தனுக்கு எதற்கு வீடியோ கேம் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

பேசக்கூடாது என்பதால் எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. எதிரி கோழியை நெருங்கினால் அவன் கால் கட்டைவிரலால் என் முழங்காலில் ஒரு இடி இடிப்பான். 'திரும்பி வா' என்று அர்த்தம். ஒரு முறை அந்த இடி பட்டுப் பதறித் திரும்பிய நான், எதிரியைச் சுடுவதாக நினைத்துக் கோழியையே சுட்டுவிட்டேன். எங்கள் குண்டாலும் கோழி சாகும். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் ரீசெட் பொத்தானை அமுக்கிவிட்டான்.

பெரியவன் ஆன பிறகும் அவன் அப்படித்தான் இருந்தான். அப்பா ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, குள்ளஞ்சாவடிக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தோம். அவன் ஜங்ஷனில் ஒரு மோட்டார் ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். மதியம் வீட்டுக்கு வந்து அம்மாவோடு சாப்பிட்டுவிட்டுப் போவான். எனக்குப் பெங்களூரில் வேலை. போன் செய்யும்போதெல்லாம் பிடுங்குவேன்: "இன்னும் எத்தினி வருஷம் அதே கடைல நிப்ப? எதுனா முன்னாடி போ அண்ணா." கடைசியில் நானே அங்கே இங்கே சொல்லி, தூரத்தில் ஒரு கான்ட்ராக்ட் வேலை பிடித்துக் கொடுத்தேன். "நீ சொன்னா சரி பாப்பா" என்று போனான். ஒன்பதாவது நாள் ஷிப்டுக்குப் போகிற வழியில் நாய் குறுக்கே வந்து வண்டி சாய்ந்தது. தலையில் அடி. ஹெல்மெட் போட்டிருந்தான். அம்மா அதை எல்லோரிடமும் சொல்கிறாள், அது ஏதோ இன்னும் பயன்படும் என்பதுபோல.

நான்கு மாதமாகக் கண் திறந்திருக்கிறது. யாரையும் பார்ப்பதில்லை. கை கால் அவ்வப்போது தானாக வெட்டிக்கொள்ளும், அது கணக்கில்லை என்றார்கள் டாக்டர்கள். வரும் திங்கட்கிழமை கடலூரில் டாக்டர் பார்க்கிறார். அவனே நினைத்துச் செய்தது என்று ஒரே ஒரு அசைவு இருந்தால் இப்போது கொடுக்கிற பிசியோதெரபி பயிற்சி தொடரும். இல்லாவிட்டால் நிறுத்திவிட்டு வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள். அதற்கு என்ன பொருள் என்று அம்மாவுக்கு நான் விளக்கவில்லை. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கிற பெண்தான், "அவருக்கு முன்னாடி புடிச்சது எதுனா இருந்தா காட்டிப் பாருங்கக்கா" என்றாள்.

லீவு போட்டு வந்திருந்த நான் போனில் கார் ரேஸ் வைத்தேன். துப்பாக்கி கேம் வைத்தேன். ஒரு வாரம் போன பிறகுதான் உறைத்தது, எல்லாம் எனக்குப் பிடித்தவை. முப்பத்தைந்து வயதாகியும் அண்ணனுக்கு என்ன பிடிக்கும் என்று யோசிக்கத் தெரியாத தங்கையை என்னவென்று சொல்வது? பீரோவைக் குடைந்து இந்த ஜாய்ஸ்டிக்கை எடுத்தேன். பழைய பெட்டி செத்துவிட்டது. அதேபோன்ற பெட்டி இன்னும் விற்கிறார்கள், இந்த வயரின் முனை அதில் பொருந்தியது. எழுந்து வரட்டும் என்று டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். இரண்டு நாள் வீடே அதிர்ந்தது. அப்புறம் தலையில் அடித்துக்கொண்டேன். அவனுக்குத் தெரிந்த கேமில் சத்தம் ஏது? முழுவதும் குறைத்தேன்.

நேற்றுக் காலை அந்தப் பயிற்சிப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். நான் மேலே போய் வருகிறவனையெல்லாம் சுட்டேன். ஒரு கட்டம் முடிந்தது, இன்னொன்று முடிந்தது.

"நானும் பாத்துக்கிட்டே இருக்கேன்க்கா. அவர் வண்டி நின்ன எடத்துலயே நிக்குது."

"அவன் எப்பவும் அங்கதாம்மா நிப்பான்."

அவள் கையிலிருந்த தாளில் என்னவோ எழுதினாள். எனக்கும் அவள்மேல் கோபமில்லை. முடியாததால் நிற்கிற டாங்கியும் பிடித்துப்போய் நிற்கிற டாங்கியும் திரையில் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

அவள் போன பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் எதிரியைத் தேடிப் போகிறவன் அல்ல, வந்தால் சுடுகிறவன். நானோ ஒருத்தனையும் அவன்வரை வரவிடவில்லை. இத்தனை நாளும் அவனுக்கு ஒரு வேலையும் நான் வைக்கவில்லை.

இன்று மதியம் அம்மா சாப்பிட்டுப் படுத்த பிறகு மறுபடியும் போட்டேன். அவனுடைய கட்டைவிரலைப் பொத்தானின் மேல் வைத்தேன். நாற்காலியைக் கட்டிலின் கால்பக்கமாக இழுத்து, என் முழங்காலை அவன் பாதத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். பாதம் சில்லென்று இருந்தது. ஆட்டம் தொடங்கியது. என் டாங்கியை ஒரு மூலைக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. எதிரி ஒருவன் நேராக இறங்கி வந்தான். கோழியின் சுவரில் முதல் செங்கல் உதிர்ந்தது, இரண்டாவதும் உதிர்ந்தது. என் விரல் பொத்தானின் மேல் துடித்தது. நான் சுடவில்லை. டேப் சுற்றிய வயர் கட்டிலிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. இடி அண்ணா, ஒரே ஒரு இடி, திரும்பி வருகிறேன் என்று உதட்டை மட்டும் அசைத்தேன், அம்மா தூங்கிக்கொண்டிருந்ததால்.