பெட்டி மேல் ஒரு பெயர்

ஓசூரில் எங்கள் தெருவில் இருப்பவர்களுக்கு நான் என்ன தொழில் செய்கிறேன் என்று இன்றுவரை சரியாகத் தெரியாது. அட்டைப்பெட்டி கம்பெனி என்பார்கள் சிலர், பொம்மைக் கடை என்பார்கள் சிலர். ஓவியர்கள் வரைந்த படத்தை அச்சடித்து, கனத்த அட்டையில் ஒட்டி, துண்டு துண்டாக வெட்டிப் பெட்டியில் போட்டு விற்கிறேன், வாங்குகிறவர்கள் அதைத் திரும்பச் சேர்த்துப் படமாக்குவார்கள், இதற்குப் பசில் என்று பெயர் என்று எதிர்வீட்டுக்காரருக்கு ஒருமுறை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கற படத்த எதுக்கும்மா வெட்டணும்?" என்றார். மோட்டார் கம்பெனியில் காலம் முழுக்க ஒரே நட்டைத் திருகி ஓய்வுபெற்ற மனிதர். அந்த நட்டு எதற்கு என்று நான் ஒருநாளும் அவரைக் கேட்டதில்லை.

முதலில் மாத்திரைப் பெட்டியும் பேரிங் பெட்டியும்தான் வெட்டிக்கொண்டிருந்தேன். சிப்காட் ஓரமாக ஒரு ஷெட், அதில் பழைய பஞ்சிங் மெஷின் ஒன்று, வேலைக்கு இரண்டு பெண்கள். பெங்களூரிலிருந்து ஒரு ஓவியர் தன் படத்தைப் பசிலாக்க ஆள் தேடிக்கொண்டு வந்தார். பெங்களூர்க்காரர்கள் எல்லை தாண்டி இங்கே வருவது ரோஜாப்பூ மலிவு, கூலி மலிவு என்பதற்காகத்தான். அவர் போய் நாலு பேரிடம் சொன்னார். அந்த நாலு பேரும் வந்தார்கள். அப்படித்தான் நான் கலைக்குச் சேவை செய்ய ஆரம்பித்தேன்.

ஓவியர்கள் என்றால் எனக்கு அதுவரை ஒரு மரியாதை இருந்தது. அது ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. ஒருவர் தன் புத்தரின் கண்ணுக்குக் குறுக்கே வெட்டு விழக்கூடாது என்றார். மூக்குக்குக் குறுக்கே விழலாமா என்று கேட்டதற்கு யோசித்துச் சொல்வதாகப் போனவர் திரும்ப வரவில்லை. இன்னொரு அம்மா, தன் படம் மெஷினில் வெட்டுப்படுவதை நின்று பார்த்துக் கண்ணீர்விட்டார். அதை உதவியாளர் போனில் படம் பிடித்தார். அழுது முடித்ததும் வீடியோவை வாங்கிப் பார்த்துவிட்டு, சரியாக வரவில்லை, இன்னொரு தாளை வெட்டுங்கள் என்றார். வெட்டினேன். மறுபடி அழுதார். இரண்டாவது அழுகை நன்றாகவே வந்தது.

வாங்குகிறவர்கள் அதற்கு மேல். ஒரு துண்டு குறைகிறது என்று போனில் குதிப்பார்கள். சோபாவுக்கு அடியில் கிடைத்த பிறகு ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். கஷ்டப்பட்டுச் சேர்த்து முடித்ததும் பசை தடவி, சட்டம் போட்டு, ஹாலில் மாட்டிவிடுவார்கள். அதற்கு முழுப் படத்தையே வாங்கித் தொலைத்திருக்கலாம்.

இந்தக் கூட்டத்தில் நான் மதித்த ஒரே ஆள், உத்தனப்பள்ளிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. பள்ளிக்கூடச் சுவர்களில் மாம்பழமும் மயிலும் வரைந்துகொண்டிருந்தாள். சுவரில் மற்றவர்கள் கேட்பதை வரைவாள், வீட்டில் பிளைவுட் துண்டுகளில் தனக்குத் தோன்றுவதை வரைவாள். ஒருநாள் சாக்கில் சுற்றி ஒரு படத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் சாய்த்து வைத்தாள். விடியும் நேரம், பனி, ராகிக் கொல்லை. மூன்று யானைகள். பனியில் கால்கள் தெரியவில்லை, முதுகும் தலையும் மட்டும் தெரிகின்றன. பெரியது தும்பிக்கையைத் தாழ்த்தி ஒரு பிடி ராகியை வளைத்துப் பிடுங்கிக்கொண்டிருக்கிறது. ஓரத்திலிருந்து யாரோ அடிக்கும் டார்ச் வெளிச்சம் கொஞ்சம் நீண்டு பனியில் கரைகிறது. சானமாவுக் காட்டிலிருந்து இறங்கி வந்து அவர்கள் கொல்லையைத் தின்ற யானைகள்தான் அவை. படம் அவற்றைக் கும்பிடவும் இல்லை, சபிக்கவும் இல்லை.

அந்தச் சமயம் ஓர் உதிரிபாக ஆலை ஆயுத பூஜைக்கு ஊழியர்களுக்குக் கொடுக்க என்னிடம் பசில் கேட்டிருந்தது. உள்ளூர்க் கலைஞரின் படமாக இருக்க வேண்டுமாம். ஆலையின் பெயரைச் சொன்னதும் அவள் முகமே மாறிவிட்டது. அவள் கணவர் அங்கேதான் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார்.

"அப்பன்னா இதையே குடுங்கக்கா. ஆனா பெட்டி மேல என் பேரு இருக்கணும். அத அங்க எல்லார் முன்னாடியும் அவரு கையில குடுக்கணும்" என்றாள்.

"அதுல என்னம்மா உனக்கு?"

"நான் செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போறேன்னுதான் அவரு கூட வேல செய்யறவங்க நெனச்சுட்டு இருக்காங்க. இல்ல, அவ படம் வரையறான்னு இவரு சொன்னா சிரிக்கறாங்களாம். அவரு சொல்றதையே விட்டுட்டாரு."

வேறு எதையும் அவள் கேட்கவில்லை. நான் தலையாட்டினேன். ஊழியர்களுக்கென்றால் எல்லா ஊழியர்களுக்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆலையின் மனிதவள மேலாளர் கழுத்தில் அடையாள அட்டை, கையில் இரண்டு போன் என்று நடமாடுபவர். அவருக்கு எல்லாமே சின்னது. சின்ன மீட்டிங், சின்ன ரிக்வெஸ்ட், சின்ன அப்ரூவல். படத்தைப் பார்த்துவிட்டு, "சூப்பர் மேடம். ஒரே ஒரு சின்ன கரெக்ஷன். யானை தும்பிக்கையத் தூக்கி இருக்கணும்" என்றார்.

"ஏன் சார்?"

"கீழ தொங்குச்சுன்னா லக் போயிடும். எங்க எம்.டி.யோட மேடம் இதுல ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

"அது சாப்பிட்டுட்டு இருக்கு சார். தும்பிக்கையத் தூக்கிட்டு எப்படிச் சாப்பிடும்?"

"அதெல்லாம் டிசைனர் கம்ப்யூட்டர்ல பண்ணிடுவாரு மேடம்."

யானை தின்பதை நிறுத்திவிட்டு, இவர்கள் உற்பத்தி பெருகுவதற்காகத் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். படித்த மனிதர், வெளிநாடெல்லாம் போய் வந்தவர். அவர் மூளையில் எந்தப் பகுதி ஆபீஸுக்கு வருகிறது, எது வீட்டிலேயே தங்கிவிடுகிறது என்று யோசித்துக்கொண்டே ஷெட்டுக்குத் திரும்பினேன். அவளுக்குப் போன் செய்தேன். "மாத்துனா என் பேர எடுத்துடுங்கக்கா" என்றாள். பெயர் போனால் அவள் கேட்ட ஒரே விஷயமும் போய்விடும். மாற்றாவிட்டால் ஆர்டரே போய்விடும்.

எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு. வெட்டுவதற்கு ஒரு டை இருக்கிறது, பலகையில் கத்திகளை வளைத்துப் பதித்த அச்சு. ஒரே டையில் வெட்டிய துண்டுகள் எந்தத் தாளிலிருந்து வந்தாலும் அதே இடத்தில் கச்சிதமாகப் பொருந்தும். அதனால், அவள் படம் அப்படியே இருக்கட்டும், டிசைனர் தூக்கிவிட்ட தும்பிக்கையை மட்டும் தனியாக அச்சடித்து வெட்டி, அந்தச் சில துண்டுகளைச் சின்ன உறையில் போட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறேன், அதிர்ஷ்டம் வேண்டியவர்கள் பழைய தும்பிக்கையைக் கழற்றிவிட்டு இதை மாட்டிக்கொள்ளட்டும் என்று மேலாளரிடம் சொன்னேன். முழு நக்கலாகத்தான் சொன்னேன்.

"வாவ்! லக்கி கிட்!" என்றார். அன்று மாலைக்குள் எம்.டி.யின் மனைவியிடமிருந்து ஒப்புதலும் வந்துவிட்டது. நக்கல்கூட உறைக்காதவர்களிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? அவளிடம் சொன்னேன். என் படத்தைத் தொடாவிட்டால் சரி என்றாள். பெட்டியின் மேல், யானைகளுக்குக் கீழே, அவள் பெயரைப் பெரிதாகவே போட்டேன். இந்த மடையர்களை ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளூர ஒரே பெருமை.

பூஜை அன்று என்னையும் அழைத்திருந்தார்கள். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. வாசலில் பூசணிக்காய் உடைத்துக் குங்குமம் சிதறிக் கிடந்தது. நிரந்தரத் தொழிலாளர்களுக்கு நீலச் சட்டை, ஒப்பந்தக்காரர்களுக்குச் சாம்பல் நிறச் சட்டை. நீலம் முன்னால் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது, சாம்பல் பின்னால் நின்றது. அவள் கணவரைச் சாம்பலுக்கு நடுவில் கண்டுபிடித்தேன். அவளை வண்டியில் கொண்டுவந்து விடும்போது இரண்டொரு முறை பார்த்திருக்கிறேன்.

மேலாளர் மைக்கைப் பிடித்து நம்ம மண்ணு, நம்ம கலை என்று அளந்தார். பிறகு அவள் பெயரைச் சொன்னார். அவள் கணவர் பக்கத்தில் நின்றவனை முழங்கையால் இடிப்பதைப் பார்த்தேன். எல்லாரும் கை தட்டினார்கள், அவர் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினார். எம்.டி.யின் மனைவி ஒவ்வொருவராக அழைத்துப் பெட்டியைக் கொடுத்தார். நீலச் சட்டைகள் வரிசையாகப் போய் வாங்கிக்கொண்டு வந்தன. கடைசி நீலம் இறங்கியதும் மேஜையை எடுத்துவிட்டார்கள். சாம்பல் சட்டைகளுக்குப் பக்கவாட்டில் தனி வரிசை. ஆளுக்கு ஒரு பொரிப் பொட்டலம், ஒரு ஸ்வீட் டப்பா.

நான் மேலாளரிடம் போனேன். "அவங்களுக்குப் பசில் இல்லையா சார்?"

"அவங்க காண்ட்ராக்ட் மேடம். நம்ம பேரோல் லிஸ்ட்ல வர மாட்டாங்க."

"படம் வரைஞ்சவங்களோட வீட்டுக்காரரு அந்த வரிசையிலதான் நிக்கறாரு."

"ஓ, நைஸ்!" என்றார். உண்மையான சந்தோஷத்தோடுதான் சொன்னார். அதற்குள் ஒரு போன் அடித்தது, எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கிளம்பி வாசலுக்கு வந்தபோது, காவலாளி பைகளைச் சோதித்து ஒவ்வொருவராக வெளியே விட்டுக்கொண்டிருந்தார். அவள் கணவர் எனக்கு முன்னால் நின்றார். கையில் ஒரு பெட்டி இருந்தது. யாரோ ஒரு நீலச் சட்டைக்காரர் தன்னுடையதைக் கொடுத்திருக்கிறார். உலகத்தில் அப்படியும் ஒருவர் இருக்கத்தான் செய்கிறார்.

"ஏம்ப்பா, காண்ட்ராக்ட் ஆளுக்கு ஏது பாக்ஸு?" என்றார் காவலாளி.

"பிரெண்டு குடுத்தாருண்ணா."

"கம்பெனிப் பொருளு. பாஸ் இருக்கா?"

அவர் பெட்டியைத் திருப்பி, பெயர் மேல் விரலை வைத்துக் காட்டினார். "இது எங்க வீட்ல வரைஞ்சதுண்ணா. பேரப் பாருங்க. இது என் வீட்டுக்காரி பேரு."

காவலாளி குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். "பேரு இருக்கட்டும்ப்பா. பாஸ் இருக்கா?"

நான் நடுவில் புகுந்தேன். இந்தப் பசிலைச் செய்ததே நான்தான், இவர் சொல்வது உண்மை என்றேன். காவலாளி பாவம், மேலாளருக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். "ரூல்ஸ் மேடம். ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட், ப்ளீஸ்" என்று மறுமுனை கெஞ்சியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தரையில் அடித்திருப்பேன், அது காவலாளியின் போன். பின்னால் வரிசை நின்றது, எல்லாரும் பார்த்தார்கள். அவள் கணவர் பெட்டியை மேஜை மேல் வைத்தார். "பரவால்ல மேடம், விடுங்க" என்று என்னைப் பார்க்காமலே சொல்லிவிட்டு, பொரியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.

மறுநாள் என் ஷெட்டில் மிச்சமிருந்த ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தாள். பெட்டியைத் தொடவில்லை. "இது நீங்க குடுக்கறது, அக்கா. கம்பெனி குடுக்கறது இல்லையே" என்றாள். திரும்ப எடுத்து வந்தேன்.

கொஞ்ச நாளில் மேலாளர் போன் செய்தார். எம்.டி.யின் மனைவிக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டதாம், பொங்கலுக்கும் பசில் வேண்டுமாம், அதே ஆர்ட்டிஸ்ட் வேண்டுமாம். அப்போதே முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லியிருப்பேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் போனை வைத்தேன்.

"மாட்டேன்னு சொல்லிடாதீங்கக்கா" என்றாள் அவசரமாக. "நான் அவரோட வீட்டுக்காரின்னு இப்ப அங்க எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. மாட்டேன்னா அது அவரு தலையிலதான் விடியும்."

படத்தை அவளே கொண்டுவந்தாள். பொங்கல் பானை, கரும்பு, கோலம், சூரியன், ஜோடி மாடு. பள்ளிக்கூடச் சுவரிலிருந்து பெயர்த்து எடுத்த மாதிரி பளபளவென்று இருந்தது. பானையைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாடுகூடச் சிரித்தது. அந்த ஆலையின் மேலும் அந்தப் பூஜையின் மேலும், அவர்களுக்குப் பெட்டி செய்து கொடுத்து மேடைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மேலும் வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.

போன தடவையைவிடப் பெயரைப் பெரிதாகப் போடுகிறேன், அவர்கள் கண்ணில் குத்தட்டும் என்றேன்.

"பேரே வேணாம்க்கா" என்றாள். "பேரு இருந்தா அவரு மறுபடி அங்க பின்னால நின்னு கை தட்டணும்."